குழந்தைகளுக்காக எழுத விரும்பும் மகளின் பெற்றோருக்கு

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பள்ளி இறுதியாண்டில் படிக்கும் தங்கள் மகள் சிறார் நூல்கள் எழுதுவதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்புவதாகவும், அதை ஊக்குவிப்பதா தடுப்பதா என்று தெரியாமல் தாங்கள் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். தடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதே வேளையில், எழுத்து வருமானத்தை மட்டும் நம்பி அவர் வாழ்க்கையைத் தொடங்கவும் வேண்டாம். வேறொரு வேலையில் இருந்துகொண்டே எழுதுவதுதான் இத்துறையில் பெரும்பாலானோரின் நடைமுறை. அதை அவர் பின்னாளில் தோல்வியாக எண்ணி வருந்தாதபடி இப்போதே எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது.

சொற்கள் குறைவு என்பதால் வேலையும் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். சிறு குழந்தைகளுக்கான படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கங்களில் முடிகிறது. பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கும்போது பக்கங்கள் 8, 16 என்ற மடங்குகளில் கிடைப்பதால் அமைந்த அளவு அது. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் ஆகியவை போக, கதைக்கு எஞ்சுவது ஏறத்தாழ 12 முதல் 14 விரிபக்கங்கள், அதாவது புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இணைப் பக்கங்கள். சொற்களோ 1,000-ஐத் தாண்டுவது அரிது. அதற்குள் ஒரு பாத்திரத்தை அறிமுகப்படுத்தி, சிக்கலில் மாட்டிவைத்து, குழந்தை நம்பும்படி மீட்டுக் கொண்டுவர வேண்டும். ஆகவே அனுபவமுள்ள எழுத்தாளர்கள் பலர் வெள்ளைத் தாள்களை மடித்து 32 பக்க மாதிரிப் புத்தகம் ஒன்றைச் செய்து, கதையைப் பென்சிலால் பக்கம் பக்கமாக எழுதிப் பார்க்கிறார்கள். பெட்டிக்குள் ஏதோ அசைகிறது என்ற வரி வலப்பக்கத்தின் அடியில் அமைந்தால், உள்ளே இருப்பதை அறியக் குழந்தை தானே தாளைப் புரட்டும். அதே வரி இடப்பக்கத்தில் வந்துவிட்டால், விடை எதிர்ப்பக்கப் படத்திலேயே தெரிந்து ஆவல் அடங்கிவிடும். குடையைச் சிவப்பாக ஓவியர் வரையப்போகிறார் என்றால், குடை சிவப்பு என்று எழுதத் தேவையில்லை. நல்ல பதிப்பாசிரியர் முதலில் அடிப்பது அத்தகைய சொற்களைத்தான். கதை சொல்லும் ஆர்வம் பல பிள்ளைகளுக்கு உண்டு. பிடித்த வரியைக் கூடக் கதைக்காக வெட்டிவிட்டு மறுபடி எழுத உட்காரும் பொறுமை தங்கள் மகளிடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். மதிப்பெண்களைவிட அதுவே எனக்குப் பெரிய தகுதியாகப் படுகிறது.

தமக்குப் படம் வரைய வராதே என்று மகள் தயங்குவதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்தத் தயக்கம் வேண்டாம். வழக்கமாகப் பதிப்பகமே ஓவியரைத் தேர்ந்தெடுக்கிறது. படங்கள் முடியவே பல மாதங்கள் ஆவதால், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நூல் கைக்கு வர இரண்டு ஆண்டுகள் ஆவதும் உண்டு.

வருமானத்தைப் பொறுத்தவரை, வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். பதிப்பகம் தரும் முன்பணம், நூல் விற்பனையில் எழுத்தாளருக்குப் பின்னர் வரவேண்டிய பங்கான ராயல்டியில் கழிக்கப்படும். அது முழுவதும் கழிந்த பிறகுதான் மேற்கொண்டு ஏதேனும் வரும். படப்புத்தகத்தில் அந்த ராயல்டியையும் ஓவியருடன் பகிர்ந்துகொள்ள நேரிடும். கணக்கு ஆண்டுக்கு ஓரிரு முறைதான் வரும் என்பதால், மாதச் செலவுக்கு அதை நம்ப முடியாது. பள்ளிகளிலும் நூலகங்களிலும் கதை சொல்லுதல், பயிற்சிப் பட்டறை நடத்துதல், சிறார் இதழ்களுக்கும் பாடநூல்களுக்கும் எழுதுதல் ஆகியவையே இடைவெளியை நிரப்புகின்றன. கூச்ச சுபாவம் உள்ள எழுத்தாளர்களும் நாற்பது குழந்தைகள் முன்னால் நின்று பேசப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒப்பந்தத்தைப் பற்றிப் பெற்றோர் பொதுவாகக் கேட்பதில்லை. நான் அதிகம் வலியுறுத்துவது அதைத்தான். பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி ஒரு நூலின் பதிப்புரிமை எழுத்தாளரின் ஆயுள் முழுவதும், அவர் மறைந்த பின் குறைந்தது 50 ஆண்டுகளும் நீடிக்கிறது. ஒரே தொகையைப் பெற்றுக்கொண்டு முழு உரிமையையும் எழுதிக் கொடுப்பவர், முதல் நூல் வெளிவரும் மகிழ்ச்சியில் அத்தனை ஆண்டுகளையும் விட்டுக்கொடுக்கிறார். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்படம், பொம்மை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. இத்தாலியின் பொலோனியா நகரில் 1964 முதல் நடந்துவரும் சிறார் புத்தகக் கண்காட்சியில் முக்கிய வணிகமே இந்த உரிமைகள்தான். ஆங்கிலச் சிறார் எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டர், 1893-இல் நோயுற்ற சிறுவன் ஒருவனுக்குப் பீட்டர் என்ற முயலைப் பற்றி எழுதிய படக்கடிதத்தைக் கதையாக விரித்தபோது பதிப்பகங்கள் மறுத்துவிட்டன. 1901-இல் தம் செலவில் 250 படிகள் அச்சிட்டார். மறு ஆண்டே ஒரு பதிப்பகம் அதை வெளியிட்டது. 1903-இல் அந்த முயலின் பொம்மைக்கும் முறைப்படி உரிமையைப் பதிவு செய்துகொண்டார். எழுத்தையும் உரிமையையும் ஒருசேரக் கவனித்த அந்தத் தெளிவு தங்கள் மகளுக்கும் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

படிப்பு எது என்று கேட்டிருந்தீர்கள். இந்தத் தொழிலுக்கென்று கட்டாயமான பட்டம் கிடையாது. மொழி இலக்கியம், குழந்தை உளவியல், ஆசிரியர் கல்வி, நூலக அறிவியல் ஆகிய நான்கில் எதைப் படித்தாலும் எழுத்துக்கும் உதவும், வேலைக்கும் வழி காட்டும். என்னுடைய விருப்பம் ஆசிரியர் கல்வி அல்லது நூலகத்துறை; எந்த வயதுக் குழந்தை எதற்குச் சிரிக்கிறது, எந்த வரியில் கவனம் சிதறுகிறது என்பதை அன்றாடம் நேரில் காணும் வாய்ப்பு அங்கே உண்டு. பதிப்பகத்தில் உதவிப் பதிப்பாசிரியர் பணியும் நல்லதே. ஆயினும் பிறர் கையெழுத்துப் பிரதிகளில் நாளெல்லாம் உழைத்துவிட்டு, மாலையில் தம்முடையதைத் தொடச் சிலருக்கு மனம் வராது.

தேர்வுகள் முடிந்தபின் மகள் ஒரு கதையை 32 பக்க மாதிரியாகச் செய்து, உறவினர் அல்லாத ஐந்தாறு குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டட்டும். அவர்கள் முகம் திருப்பிய இடங்களைக் குறித்துவைத்துத் திருத்தி, வேறு குழந்தைகளிடம் மறுபடி வாசிக்கட்டும். இரண்டு வடிவங்களையும் எடுத்துக்கொண்டு அவரே என்னைச் சந்திக்க வந்தால், எந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பது என்பதை மூவருமாகப் பேசி முடிவு செய்வோம்.