விக்கிப்பீடியா பயிற்சிப் பட்டறைகளால் உண்மையிலேயே புதியவர்கள் எழுத வருகிறார்களா? முதன்முறையாக ஒன்று நடத்தப்போகும் குழு எதைக் கவனிக்க வேண்டும்?

வருகிறார்கள், ஆனால் நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் எண்ணிக்கையில் இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் சில ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறேன், அதாவது கட்டுரைகளை எழுதியும் திருத்தியும் வருகிறேன். நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து கல்லூரி, நூலகம் என்று அவ்வப்போது பட்டறை நடத்துகிறோம். நாற்பது பேர் உட்கார்ந்து கேட்டால், அடுத்த மாதமும் தொகுப்பவர் ஒருவர் தேறுவது பெரிய விஷயம். சில தடவை அந்த ஒருவரும் கிடையாது.

எங்கள் முதல் பட்டறை கணக்குத் தொடங்குவதிலேயே படுத்துவிட்டது. எல்லோரும் ஒரே வைஃபையில் இருந்தார்கள். ஆறு பேருக்குக் கணக்கு வந்தது, ஏழாவது ஆளுக்கு மறுப்பு வந்தது. விஷமிகள் கும்பலாகக் கணக்குத் திறப்பதைத் தடுக்க, ஓர் ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ஒரு நாளைக்கு ஆறு கணக்குதான் என்று வரம்பு இருக்கிறது. பல வருடம் தொகுத்த எங்களுக்கே அது தெரியாது, ஏனென்றால் நாங்கள் கணக்குத் தொடங்கியது ஒரே ஒரு தடவை! முன்கூட்டியே தேதியையும் ஐபி முகவரியையும் சொல்லிக் கேட்டால் அந்த நாளுக்கு மட்டும் வரம்பைத் தளர்த்தித் தருவார்கள். அதைவிடச் சுலபம், வீட்டிலேயே கணக்குத் தொடங்கிவிட்டு வரச் சொல்வது. மறந்து வருபவர்கள் கைப்பேசியின் சொந்த இணையத்தில் தொடங்கிக்கொள்ளட்டும்.

அடுத்தது தட்டச்சு. கைப்பேசியில் தமிழில் மளமளவென்று அடிப்பவர்கள்கூட கணினி முன் உட்கார்ந்ததும் திகைத்துப் போகிறார்கள். விக்கிப்பீடியாவுக்குள்ளேயே தமிழ் உள்ளீட்டு வசதி இருக்கிறது, கண்ட்ரோல் விசையோடு எம் விசையை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். தமிழ்99 விசைப்பலகை, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் எழுத்துப்பெயர்ப்பு இரண்டும் உண்டு. இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். விக்கிப்பீடியாவின் வரலாற்றைச் சொல்வதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆங்கிலத்தில் 2001 சனவரி, தமிழில் 2003 செப்டம்பர், அவ்வளவுதான். நாங்கள் முதலில் அதற்கு ஒரு மணி நேரம் எடுத்து ஆளைத் தூங்க வைத்தோம்.

நாங்கள் செய்த பெரிய தப்பு வேறு. "இன்றே ஆளுக்கு ஒரு புதுக் கட்டுரை" என்று அறிவித்தோம். சாயங்காலத்துக்குள் கட்டுரைகள் குவிந்தன, அறிக்கையில் போட அழகான எண்ணிக்கை. பிறகு திறந்து பார்த்தால், பாதி வேறு தளங்களிலிருந்து வெட்டி ஒட்டியது. சில இயந்திர மொழிபெயர்ப்பு, வாக்கியத்துக்குத் தலையும் இல்லை காலும் இல்லை. ஒருவர் தன் மாமாவைப் பற்றியே எழுதியிருந்தார். நல்ல மனிதராகத்தான் இருப்பார், ஆனால் அவரைப் பற்றி வெளியே எங்கும் ஒரு வரி அச்சாகவில்லையே. பதிப்புரிமை மீறல், சான்றின்மை என்று ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. நீக்கிய நிர்வாகிகள் மேல் தப்பே இல்லை, வேலை வைத்தது நாங்கள். எழுதியவர்கள் மறுநாள் வந்து பார்த்தபோது தங்கள் கட்டுரை காணாமல் போயிருந்தது. அப்புறம் அவர்கள் ஏன் வரப்போகிறார்கள்?

இப்போது முதல் நாளில் புதுக் கட்டுரை என்ற பேச்சே எடுப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் கட்டுரையில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தட்டும், ஒரு தகவலுக்குச் சான்று சேர்க்கட்டும். பெரிதாக எழுத ஆசைப்படுபவருக்கு மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கம் இருக்கிறது. படம் பதிவேற்றச் சொன்னால், தாங்களே எடுத்த படம் என்பதை இரண்டு தடவை சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைத் "என் படம்" என்று பொதுவகத்தில் (விக்கிப்பீடியாவுக்கான படக் கிடங்கு) ஏற்றுபவர்கள் நிஜமாகவே அப்படி நம்பித்தான் ஏற்றுகிறார்கள்.

எங்களிடம் நிலைத்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர். கணினி பழக்கமே இல்லை. பட்டறை முழுக்க ஒரே கட்டுரையில் "ஒரு ஆண்டு" என்பதை "ஓர் ஆண்டு" என்று மாற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த மாணவர்கள் பத்திப் பத்தியாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து, அவர் மாற்றிய ஓர் இடத்தை யாரோ மீளமைத்து, பழையபடியே ஆக்கிவிட்டார்கள். அது மேற்கோளுக்குள் இருந்த சொல், மூலத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். மீளமைத்தவர் பேசாமல் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவர், இந்த அம்மாவுக்குச் செய்தி எழுதுவதற்கான பேச்சுப் பக்கத்தில் நான்கு வரியில் காரணம் எழுதி, மற்ற திருத்தங்களுக்கு நன்றியும் சொல்லியிருந்தார். "பரவாயில்லையே, இங்கே மூலப்படி பார்க்கத் தெரிந்த ஆளும் இருக்காங்க" என்றார் அம்மா. அதற்குப் பிறகு நாங்கள் அவரைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

அதனால் பட்டறைக்கு ஒரு வாரம் முன்பே ஆலமரத்தடியில் (தமிழ் விக்கிப்பீடியர்கள் பொதுவாகப் பேசிக்கொள்ளும் பக்கம்) தேதியும் நேரமும் போட்டுவிடுங்கள். புதிய தொகுப்புகளைக் கண்காணிப்பவர்கள் அன்று சற்றுப் பொறுமையாக இருப்பார்கள், சிலர் வரவேற்கவும் வருவார்கள். கலந்துகொள்பவர்களின் பயனர் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அடுத்த இரண்டு வாரம் நீங்களே அவர்களின் தொகுப்புகளைப் பாருங்கள். சான்றிதழ் கேட்பார்கள். கொடுங்கள், ஆனால் அதற்காகவே வருபவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நாங்கள் இப்போதெல்லாம் முதல் பட்டறைக்கு நாள் குறிக்கும்போதே, இரண்டு வாரம் கழித்து இரண்டாவது சந்திப்புக்கும் நாள் குறித்துவிடுகிறோம். அதற்குப் பேச்சாளர் கிடையாது, மேடை கிடையாது, ஒரே மேசை. மூன்று பேர் வந்தால் மூன்று பேர்.