தொடுவானம் எவ்வளவு தூரம்? வள்ளுவர் சிலையை வைத்தே கணக்குப் போடலாம்

கேள்வி: கன்னியாகுமரி பக்கம் ஒரு கடலோரக் கிராமத்துப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். "சார், கடலும் வானமும் சேருற அந்தக் கோடு எவ்வளவு தூரத்துல இருக்கு?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பைபர் படகில் தொழிலுக்குப் போகும் என் அண்ணனோ, "கரை மறைஞ்ச பிறகும் வள்ளுவர் சிலை தெரியும், பீடம்தான் தெரியாது" என்கிறார். கருவி இல்லாமல் இதைக் கணக்கிட முடியுமா?

பதில்: முடியும். உங்கள் அண்ணன் சொல்வதும் சரி. பாதி விடை அதிலேயே இருக்கிறது.

கடல் மட்டத்திலிருந்து உங்கள் கண் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அதை 15 ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். கிடைப்பது கிலோமீட்டர். அலை காலை நனைக்கும் இடத்தில் நிற்பவரின் கண் மட்டம் 1.6 மீட்டர் என்றால், பெருக்கினால் 24, வர்க்கமூலம் 4.9. அவ்வளவுதான் தூரம். முதல்முறை கேட்கும் யாரும் இதை நம்புவதில்லை, ஐம்பது அறுபது கிலோமீட்டர் இருக்கும் என்றே நினைக்கிறார்கள். அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டால் கண் 80 சென்டிமீட்டருக்கு இறங்கும், தொடுவானமும் மூன்றரை கிலோமீட்டருக்கு வந்துவிடும். ஆக, அந்தக் கோடு கடலில் ஓரிடத்தில் நிற்கும் பொருளல்ல. பார்ப்பவரின் கண்ணோடு சேர்ந்து நகர்வது. பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்லுவேன்.

15 எங்கிருந்து வந்தது? பூமியின் விட்டம் 12,742 கி.மீ. காற்றே இல்லாத பூமியாக இருந்தால் பைதாகரஸ் தேற்றப்படி 12.74 ஆல் பெருக்கினால் போதும். ஆனால் கடல்மேல் உள்ள காற்று ஒளியைப் பூமியின் வளைவை ஒட்டிச் சற்றே வளைக்கிறது. அதனால் பார்வை சுமார் 8 சதவீதம் கூடுதலாக எட்டும். இது சாதாரண நாளின் கணக்கு. தண்ணீர் குளிர்ந்து, மேலே காற்று சூடாக இருக்கும் நாட்களில் தொலைவிலுள்ள கரை மேலே தூக்கிக் காட்டுவதும் உண்டு. அந்த நாளில் அளந்து சூத்திரம் தப்பு என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

பலரும் தவறுவது கண் மட்டத்தில். மணல்மேட்டில் நின்றுகொண்டு ஆள் உயரத்தை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். மேடு தண்ணீரிலிருந்து 2 மீட்டர் என்றால் கண் மட்டம் 3.6, தூரம் 7.3 கி.மீ. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

இனி சிலைக்கு வருவோம். உயரமான பொருளுக்கும் அதற்கென ஒரு தொடுவானம் உண்டு. இரண்டு தூரங்களையும் கூட்ட வேண்டும். படகில் நிற்கும் அண்ணனின் கண் 2 மீட்டரில் இருந்தால் அவர் பங்கு 5.5 கி.மீ. சிலை பீடத்தோடு 133 அடி, அதாவது 40.5 மீட்டர், அதன் பங்கு 24.6. கூட்டினால் 30 கி.மீ., கடல் மைலில் 16. பாறையின் உயரத்தை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். அந்தத் தூரத்தில் தெரிய வேண்டியது தலையின் உச்சி மட்டுமே. கடல் மூட்டத்தில் அதைக் கண்ணால் பிடிப்பது கடினம்.

20 கி.மீ. தொலைவில் என்ன நடக்கிறது? அண்ணனின் 5.5 ஐக் கழித்தால் மீதி 14.5. அதை அதாலேயே பெருக்கி 15 ஆல் வகுத்தால் 14 மீட்டர். சிலைப் பக்கம் தண்ணீரிலிருந்து அவ்வளவு உயரம் மறைந்திருக்கும். பீடத்தின் உயரம் 38 அடி, சுமார் 11.6 மீட்டர். பாறையும் பீடமும் ஏறக்குறைய முழுவதும் தண்ணீருக்குக் கீழே போய், வள்ளுவர் கடலிலேயே நிற்பதுபோலத் தெரிவார். அண்ணன் பார்ப்பது இதைத்தான். சிலையும் போன பிறகு மருந்துவாழ் மலை தெரிவதும் இதே கணக்குத்தான்.

கப்பலில் இரவுக் காவல் நின்ற காலத்தில் நாங்கள் ஒன்று செய்வோம். கலங்கரை விளக்கின் ஒளி முதன்முதலாக எட்டிப் பார்க்கும்போது பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையில், நின்றபடியே முழங்காலை மடக்கித் தாழ்வோம். ஒளி அணைந்துவிட்டால் அது சரியாகத் தொடுவானத்தில் இருக்கிறது என்று அர்த்தம். உடனே விளக்கின் உயரத்துக்கும் எங்கள் கண் மட்டத்துக்கும் கணக்குப் போட்டுத் தூரத்தை வரைபடத்தில் குறிப்போம். படகிலும் இதைச் செய்யலாம், கடல் அமைதியாக இருந்தால். ஒரு மீட்டர் அலை எழும்பினாலே தாழ்ந்த படகில் கோடு ஏறி இறங்கும். கணக்கு அப்போது உத்தேசம்தான். கரைக்குத் திரும்ப அதை மட்டும் நம்பக் கூடாது.

அண்ணன் படகில் ஜிபிஎஸ் இருக்கும்தானே? சிலை இருக்கும் இடத்தை அதில் முன்பே குறித்துவைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது, பீடம் மறையும் தூரத்தை ஒருமுறை நின்றுகொண்டும் ஒருமுறை உட்கார்ந்துகொண்டும் பார்த்து எழுதிவரட்டும். உட்கார்ந்தால் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் முன்னதாகவே மறைய வேண்டும். அந்த இரண்டு எண்ணையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, கண் மட்டத்தைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.