ஜிபிஎஸ்ஸை அணைத்தாலும் பேட்டரி தீர்வது ஏன்?

கேள்வி: மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் கழுத்துப்பட்டைக்கு ஒரு கருவி செய்கிறேன். 3.3 வோல்ட் ப்ரோ மினி (சின்ன ஆர்டுயினோ கன்ட்ரோலர் போர்டு), நியோ-6எம் ஜிபிஎஸ் போர்டு, 2500 எம்ஏஎச் பேட்டரி. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) வழியாக ஜிபிஎஸ்ஸுக்கு மின்சாரம் கொடுக்கிறேன். ஆறு மாதம் வரும் என்று நினைத்தேன், இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. ஜிபிஎஸ் அணைந்திருக்கும்போதும் மீட்டர் 5 மில்லி ஆம்பியர் காட்டுகிறது.

பதில்: அந்த 5 மில்லி ஆம்பியரை அளந்து பார்த்தீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

முதலாவது, கசிவு. சீரியல் இணைப்பில் எதுவும் பேசாதபோது ப்ரோ மினியின் டிஎக்ஸ் (அனுப்பும்) பின் 3.3 வோல்ட்டில்தான் நிற்கும். மாஸ்ஃபெட் ஜிபிஎஸ்ஸின் விசிசியை, அதாவது பிளஸ் மின்சாரத்தை, துண்டித்த பிறகும், இந்த வோல்டேஜ் அதன் ஆர்எக்ஸ் (பெறும்) பின்னுக்குள் நுழைந்து, அங்குள்ள பாதுகாப்பு டயோடு வழியாக விசிசிக்கே ஏறிவிடும். சிப் அரைகுறையாக உயிரோடு கிடக்கும். மின்சாரம் வீணாவது மட்டுமல்ல, நாளடைவில் சிப்பும் கெடலாம். அதனால் மாஸ்ஃபெட்டை அணைக்கும் முன் சீரியலை மூடி, டிஎக்ஸ் பின்னை லோ (0 வோல்ட்) நிலைக்குக் கொண்டுவாருங்கள். சாஃப்ட்வேர் சீரியல் (சாதாரணப் பின்களையே சீரியலாக்கும் லைப்ரரி) பயன்படுத்தினால் இன்னொன்றும் உண்டு: அந்த லைப்ரரி, ப்ரோ மினியின் ஆர்எக்ஸ் பின்னில் உள்ளிருக்கும் புல்-அப்பை, அதாவது பின்னை ஹை நிலைக்கு இழுக்கும் ரெசிஸ்டரை, போட்டுவிடும். அதையும் எடுத்துவிடுங்கள். மாஸ்ஃபெட்டை கிரவுண்டு (மைனஸ்) பக்கம் வைத்திருந்தால் பிளஸ் பக்கத்துக்கு மாற்றுங்கள். கிரவுண்டைத் துண்டித்தால் சிக்னல் கம்பிகளே கிரவுண்டாக வேலை செய்யத் தொடங்கும்.

இரண்டாவது கோளாறு மீட்டரில் தெரியாது, ஆனால் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஜிபிஎஸ்ஸை முழுதாக அணைப்பதே சிக்கனம் என்று நினைக்கிறோம். உண்மையில் செலவாவது செயற்கைக்கோளைத் தேடும் நேரத்தில்தான். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது. ஒரு முழு விவரம் 30 நொடிக்கு ஒருமுறை திரும்ப வரும். நினைவை இழந்த ரிசீவர் இதை முதலிலிருந்து கேட்க வேண்டும், வெட்டவெளியிலேயே அரை நிமிடம் ஆகிவிடும். மர நிழலில் நடுவில் ஒரு பிட் தவறினால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். நினைவும் கடிகாரமும் உயிரோடு இருந்தால் சில நொடிகளே போதும்.

கணக்கைப் பாருங்கள். தேடும்போது நியோ-6எம் ஏறக்குறைய 45 மில்லி ஆம்பியர் எடுக்கும். கால் மணிக்கு 35 நொடி ஓடினால் சராசரி 1.75 மில்லி ஆம்பியர், 5 நொடி ஓடினால் 0.25. ஏழு மடங்கு வித்தியாசம்.

நினைவைக் காப்பது வி-பேக்கப் பின். அதற்கு இருபது மைக்ரோ ஆம்பியர் அளவு போதும். மலிவான போர்டுகளில் இதற்கென்று ஒரு குட்டி பேட்டரி ஒட்டியிருப்பார்கள், நான் அதை நம்ப மாட்டேன். உங்கள் போர்டில் அந்தப் பின் வெளியே வருவதில்லை. ஆகவே மாஸ்ஃபெட்டையே விட்டுவிடச் சொல்வேன். விசிசியை எப்போதும் கொடுத்துவைத்து, சிப்பைச் செய்த யு-பிளாக்ஸ் நிறுவனத்தின் 16 பைட் பேக்கப் கட்டளையை சீரியலில் அனுப்பித் தூங்கவையுங்கள். எழுப்ப ஏதாவது ஒரு பைட் அனுப்பினால் போதும். அந்த முதல் பைட் தொலைந்துபோகும், அரை நொடி விட்டுப் பேசுங்கள். இந்த முறையில் டிஎக்ஸ் பின் ஹை நிலையிலேயே நிற்க வேண்டும். இங்கே அதை லோவுக்கு இழுத்தால் ஜிபிஎஸ் விழித்துக்கொள்ளும், மேலே சொன்னதற்கு நேர் எதிர்.

சுற்றுப்பாதை விவரம் ஏறக்குறைய நாலு மணி நேரத்துக்குத்தான் செல்லும். அதற்குள் பழைய செயற்கைக்கோள்கள் சில மறைந்து புதியவை வந்திருக்கும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் ஒரு நிமிடம் தொடர்ந்து ஓடவிடுங்கள். அதையும் போர்டிலுள்ள ரெகுலேட்டரின் (வோல்டேஜைச் சீராக்கும் பகுதியின்) செலவையும் சேர்த்தாலும் ஜிபிஎஸ் பங்கு சராசரி 0.7 மில்லி ஆம்பியரைச் சுற்றித்தான் வரும். அதாவது நாலு மாதத்துக்கு மேல். தகவலை அனுப்பும் ரேடியோவின் செலவு தனி.

நிரலில், ஜிபிஎஸ் அனுப்பும் ஆர்எம்சி வரியில் 'ஏ' (இடம் கிடைத்தது என்ற குறி) வந்ததும் இடத்தை எடுத்துவிடாதீர்கள். முதல் ஒன்றிரண்டு இடங்கள் தள்ளி விழும், ஜிபிஎஸ் அனுப்பும் இன்னொரு வரியான ஜிஜிஏ-யிலுள்ள எச்டாப் மதிப்பு (குறைந்தால் இடம் துல்லியம்) 2-க்குக் கீழே இறங்கட்டும். ஒரு நிமிடத்தில் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிட்டுத் தூங்குங்கள். மாடு கொட்டகைக்குள் நின்றால் எவ்வளவு தேடினாலும் பயனில்லை.

அப்புறம் ஆன்டெனா. சதுரப் பீங்கான் ஆன்டெனா வானத்தைப் பார்த்தே இருக்க வேண்டும். பட்டையில் கனமான பக்கம் கழுத்துக்குக் கீழே போய்த் தொங்கும். ஆகவே பேட்டரியைக் கீழேயும் ஆன்டெனாவை மேலேயும் வையுங்கள், பேட்டரியின் எடையே ஆன்டெனாவை மேலே நிறுத்தும். மாட்டின் உடம்பு இடையில் வந்தால் தேடல் நீளும், பேட்டரி அங்கே தீரும்.

இரண்டாவது கருவி செய்யும்போது யு-பிளாக்ஸின் எம்10 வகை ரிசீவர் வாங்குங்கள். தொடர்ந்து ஓடினாலே 25 மில்லி வாட்டுக்குள் முடித்துக்கொள்ளும், நியோ-6எம் நூறைத் தாண்டும். வி-பேக்கப் பின் வெளியே வந்திருக்கும் போர்டாகப் பாருங்கள். அதில் ரஷ்யாவின் க்ளோனாஸை அணைத்துவிட்டு ஜிபிஎஸ்ஸும் ஐரோப்பாவின் கலிலியோவும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் வருவதால் கூடுதல் செலவு குறைவு.