25,000 ரூபாயில் ஒரு லேப்டாப்பா, இரண்டு டேப்லெட்டா?

வணக்கம் சகோதரி. பாலக்கோட்டில் ஒன்பதாவது படிக்கும் மகளுக்கும் நான்காவது படிக்கும் மகனுக்கும் சேர்த்து 25,000 ரூபாயில் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஒரே லேப்டாப்பாக வாங்குங்கள். பாடம் பார்க்க டேப்லெட் போதும்தான். ஆனால் மகள் கட்டுரை தட்டச்சு செய்யவும் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிப் பழகவும் கீபோர்டு வேண்டும். மகனுக்கு இப்போது தனியாக எதுவும் தேவையில்லை. பாடப்புத்தகத்தில் உள்ள கியூஆர் கோடை உங்கள் போனில் பாடங்களுக்கான அரசின் தீக்‌ஷா செயலி வழியாக ஸ்கேன் செய்து காட்டினாலே போதும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். விலை குறைவு என்று தருமபுரியில் 4 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), 64 ஜிபி சேமிப்பு உள்ள புது லேப்டாப் எடுத்தேன். சில மாதங்களிலேயே விண்டோஸ் அப்டேட்டுக்கு இடமில்லை. பையன் பிரௌசரில் மூன்று பக்கம் திறந்தால் கர்சர் அப்படியே நின்றுவிடும். ரேம் போர்டோடு சேர்த்து சாலிடர் செய்தது, கூட்டவும் வழியில்லை.

அதனால் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்), இந்த இரண்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். புதியது இந்த விலைக்கு அமையாவிட்டால், ஓசூர் பக்கம் போய்க் கம்பெனிகளில் ஓடிய பழைய லேப்டாப் பாருங்கள். உள்ளே இருப்பது இன்டெல் சிப் (பிராசசர்) என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றோடு முடிந்துவிட்டது; எட்டாம் தலைமுறையைவிடப் பழைய சிப்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது.

அப்புறம், கடையிலேயே நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் வீடியோ ஓடட்டும். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் நகராதீர்கள். வாரண்டியை பில்லில் எழுதி வாங்குங்கள்.