வாங்குவோர் கேள்வி-பதில்: போனில் ‘டெஸ்க்டாப் சைட்’

புதுப் போன் பார்க்கப் போனேன். 22,000 ரூபாய் மாடலில்தான் ‘டெஸ்க்டாப் சைட்’ வசதி இருக்கிறது என்கிறார் கடைக்காரர். உண்மையா?
– வாசகர், திண்டுக்கல்

புளுகு. கம்ப்யூட்டரில் தெரியும் பெரிய பக்கத்தையே போனிலும் காட்டும் அந்த வசதி போனுடையது இல்லை, பிரௌசருடையது. இப்போது கையில் இருக்கும் பழைய போனிலேயே குரோமைத் திறந்து மூன்று புள்ளியைத் தொட்டுப் பாருங்கள், பட்டியலில் கீழே இருக்கும். ஃபயர்ஃபாக்ஸிலும் உண்டு, ஐபோனின் சஃபாரியிலும் உண்டு. கடையை மாற்றுங்கள்.

ஒரு வாரமாக எந்தத் தளத்தைத் திறந்தாலும் எழுத்து எறும்பு மாதிரி தெரிகிறது. கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பவரை மாற்றிவிட்டேன். அப்படியும் சரியாகவில்லை.
– வாசகி, கும்பகோணம்

கண்ணில் கோளாறு இல்லை அம்மா. பேரப்பிள்ளைகள் யாராவது டெஸ்க்டாப் சைட்டில் டிக் போட்டிருப்பார்கள், அதை எடுத்துவிடுங்கள். எல்லாத் தளத்திலும் இப்படித்தான் என்றால், குரோம் செட்டிங்ஸில் ‘சைட் செட்டிங்ஸ்’ போய் அங்கேயும் அணைத்துவிடுங்கள். எழுத்து இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் அதே செட்டிங்ஸில் ‘அக்சஸிபிலிட்டி’ என்ற இடத்தில் அளவைக் கூட்டலாம்.

டிக் போட்டால் போன் கம்ப்யூட்டராகிவிடும் என்றார்கள். விண்ணப்பத் தளத்தில் மெனு திறக்கவே மாட்டேன் என்கிறது. டேப்லெட் வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், அரியலூர்

ஆகாது. ஒரு பக்கத்தைக் கேட்கும்போது பிரௌசர் தன்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லும். டிக் போடாதபோது ‘ஆண்ட்ராய்டு போன்’ என்று சொல்வது, டிக் போட்டதும் ‘லினக்ஸ் கம்ப்யூட்டர்’ என்று மாற்றிச் சொல்கிறது. கூடவே, திரை அகலமானது போலக் காட்டிக்கொள்கிறது. அதை நம்பித் தளம் பெரிய பக்கத்தை அனுப்புகிறது. அவ்வளவுதான் நடப்பது. மௌஸ் அம்புக்குறியை மேலே கொண்டுபோனாலே விரியும் மெனுக்கள் விரலுக்குத் திறக்காமல் போவது இதனால்தான். ஒரு ஓடிஜி கனெக்டரும் (போனில் மௌஸைச் செருக உதவும் சின்ன இணைப்பு) சாதாரண மௌஸும் செருகிப் பாருங்கள், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போனில் அம்புக்குறி வரும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (பென்டிரைவ் மாதிரிச் செருகும் கருவி) கேட்கும் தளம் என்றால் அதற்கும் மேல் மெனக்கெட வேண்டாம், பிரௌசிங் சென்டருக்குப் போய்விடுங்கள்.

இதே நினைப்பில் மலிவாக ஒரு டேப்லெட் நானும் வாங்கினேன். 2 ஜிபி ராம். ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்புவதற்குள் பக்கம் மறுபடி முதலிலிருந்து லோட் ஆகும். இப்போது வீட்டில் கார்ட்டூனுக்கு மட்டும்.

டெஸ்க்டாப் மாதிரியே பார்க்கலாம் என்று டைப்-சி டு எச்டிஎம்ஐ கேபிள் வாங்கி டிவியில் செருகினேன். படம் வரவில்லை. பிரித்த பொருள் என்று திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.
– வாசகர், ஓசூர்

டைப்-சி ஓட்டை இருந்தால் படம் வரும் என்று யார் சொன்னது? விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் அந்த வழியாகச் சார்ஜும் ஃபைலும் மட்டும்தான் போகும். போனின் விவரப் பட்டியலில் ‘டிஸ்ப்ளே போர்ட்’ என்று இருக்கிறதா என்று வாங்கும் முன் பார்த்திருக்க வேண்டும். கேபிள் விளம்பரத்தில் உங்கள் மாடல் பெயரையே போட்டிருந்தால் மட்டும் சண்டை போடுங்கள், அது தவறான தகவல். இல்லையென்றால் சொந்தக்காரர் யாருக்காவது பயன்படும்.

‘டெஸ்க்டாப் பிரௌசர்’ என்று ஒரு ஆப். மூன்று நாள் இலவசம் என்றது. பிடிக்காமல் அழித்துவிட்டேன். ஆனாலும் வாராவாரம் 199 ரூபாய் போகிறது. நான் வீட்டு வேலை செய்பவள்.
– வாசகி, ஆவடி

உங்கள் மேல் தப்பே இல்லை. சும்மா கிடைக்கும் ஒரு டிக்கைக் காசுக்கு விற்றவன்தான் வெட்கப்பட வேண்டும். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ உள்ளே போய் ரத்து செய்யுங்கள். பிறகு யுபிஐ ஆப்பில் ‘ஆட்டோபே’ என்ற இடத்திலும் தானாகப் பணம் எடுக்கும் அனுமதி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகப் பணம் எடுத்து 48 மணி நேரம் ஆகவில்லையென்றால் கூகுளிடமே திருப்பிக் கேட்கலாம். தாண்டியிருந்தால் ஆப் செய்தவருக்கு எழுதிக் கேளுங்கள். அவர் மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.

ஆன்லைன் வகுப்புக்குச் சந்தா கட்டினேன். ரத்து செய்யப் போன் முழுக்கத் தேடியும் வழி இல்லை. கம்ப்யூட்டரில் திறந்தால்தான் வரும் என்கிறார்கள்.
– வாசகர், கரூர்

முதலில் வேலை முடியட்டும்: டெஸ்க்டாப் சைட்டில் டிக் போட்டு, உள்ளே நுழைந்து ‘அக்கவுன்ட்’ பக்கத்தைப் பாருங்கள். பல தளங்களில் அங்கே ஒளிந்திருக்கும்.

இனி என் வயிற்றெரிச்சல். ‘இப்போதே வாங்கு’ பட்டன் போனில் கட்டை விரலுக்குக் கீழேயே வந்து நிற்கிறது. பக்கத்தை எவ்வளவு தள்ளினாலும் கூடவே வருகிறது. ‘ரத்து செய்’ வேண்டுமென்றால் மட்டும் திரை போதவில்லையாம்! திரும்ப எடுக்கும் நிபந்தனை, விற்பவர் முகவரி, புகார் அதிகாரி பெயர் எல்லாவற்றையும் போன் பக்கத்தில் மடித்து மடித்து வைக்கிறார்கள். ‘ஆப்பில் திற’ என்ற பலகை மட்டும் மூடினாலும் மூடினாலும் எழுந்து வரும். இதெல்லாம் வடிவமைப்பில் வந்த தற்செயல் என்று நான் நம்பவில்லை. அரசும் நம்பவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறது. நீங்கள் சிக்கியது அதில் ‘சந்தாப் பொறி’. விடாமல் நச்சரிப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. 2020 மின்வணிக விதிகளின்படி புகார் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். போன் பக்கம், டெஸ்க்டாப் பக்கம் இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். ரத்து செய்துவிட்ட பிறகும் அனுப்புங்கள்.

பணம் கட்டிக்கொண்டிருக்கும்போது பக்கம் சின்னதாகத் தெரிந்ததால் மொபைல் வியூவுக்கு மாற்றினேன். எல்லாம் அழிந்துவிட்டது. திரும்பக் கட்டினேன். இரண்டு முறை பணம் போய்விட்டது.
– வாசகர், தூத்துக்குடி

வியூ மாற்றினால் பக்கம் புதிதாக லோட் ஆகும், நிரப்பியதெல்லாம் போகும். பணம் சுற்றிக்கொண்டிருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாதா? சரி, நடந்தது நடந்துவிட்டது. முதல் தொகை விற்பவருக்குப் போய்ச் சேராமல் நின்றிருந்தால், ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி ஐந்து நாளில் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு, வங்கியிடம் வற்புறுத்துங்கள். இரண்டுமே விற்பவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் இரண்டு பரிவர்த்தனை எண்களோடு அவருக்குத்தான் எழுத வேண்டும். ஆர்டரும் இரண்டாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகியிருந்தால் பார்சல் கிளம்பும் முன் ஒன்றை ரத்து செய்யுங்கள்.