டிஃபோவா, கேப்டன் ஜான்சனா? அடிக்குறிப்பில் யார் பெயரைப் போடுவது?

கேள்வி: ஆய்வேட்டுக்காக 'எ ஜெனரல் ஹிஸ்டரி ஆஃப் த பைரேட்ஸ்' என்ற கடற்கொள்ளையர் வரலாற்று நூலைத் தேடினேன். ஒரு பதிப்பில் டேனியல் டிஃபோ ('ராபின்சன் குரூசோ' எழுதியவர்) என்றும் இன்னொன்றில் கேப்டன் சார்லஸ் ஜான்சன் என்றும் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு நூல்களா? யார் பெயரைக் கொடுப்பது?

பதில்: ஒரே நூல்தான். ஜான்சன் என்றே போடுங்கள். 1724இல் லண்டனில் முதல் பதிப்பு வந்தபோது முகப்பில் இருந்தது அந்தப் பெயர்தான். அப்படி ஒரு கேப்டன் இருந்ததற்குத் தடயம் கிடைக்காததால் புனைபெயர் என்றே பலரும் கருதுகிறார்கள்.

டிஃபோ உள்ளே வந்தது 200 வருடம் கழித்து. 1932இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ராபர்ட் மூர், நடையும் கருத்துகளும் ஒத்துப்போகின்றன என்று சொல்லி இது டிஃபோ எழுதியது என்றார். நூலக அட்டவணைகளும் அதன்படி மாறின, 1972இல் ஷான்ஹார்ன் கொண்டுவந்த பதிப்பும் டிஃபோ பெயரிலேயே வந்தது. ஆனால் இதே மூர்தான் பெயரில்லாத துண்டுப் பிரசுரங்களையெல்லாம் டிஃபோ கணக்கில் எழுதி, பட்டியலை 500க்கு மேல் கொண்டுபோனவர். நடையை மட்டும் வைத்து இவ்வளவு தூரம் போகலாமா என்று 1988இல் ஃபர்பேங்க், ஓவன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கேட்டார்கள், நியாயமான கேள்வி. அப்புறம் 2004இல் பியாலுஷெவ்ஸ்கி என்ற ஆய்வாளர் உண்மையான ஆசிரியராக நத்தானியேல் மிஸ்ட்டைக் காட்டினார்: முன்னாள் மாலுமி, அச்சகக்காரர், வாரப் பத்திரிகை நடத்தியவர், நூலைப் பதிவு செய்ததும் அவர் பெயரில்தான். டிஃபோவும் அந்தப் பத்திரிகையில் எழுதியவர் என்பதால் இருவரின் வட்டமும் ஒன்றுதான். எனக்கு மிஸ்ட் பக்கம் கனமாகத் தெரிகிறது, ஆனாலும் நிரூபணம் ஆகாததால் அவர் பெயரை ஆசிரியர் இடத்தில் வைக்காதீர்கள்.

ஜான்சன் என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் புனைபெயர் என்று சேர்த்தால் போதும். கையில் இருப்பது ஷான்ஹார்ன் பதிப்பு என்றால், அட்டையில் டிஃபோ பெயர் இருப்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், தேடுகிறவர் குழம்பமாட்டார். கட்டுரைக்குள் 'டிஃபோ கூறுகிறார்' என்று மட்டும் எழுத வேண்டாம்.

இதைவிட முக்கியம், எந்தத் தொகுதியிலிருந்து எடுக்கிறீர்கள் என்பது. முதல் தொகுதியில் கடற்கொள்ளையர் பார்த்தலோமியூ ராபர்ட்ஸின் ஆட்கள் மீது 1722இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கேப் கோஸ்ட்டில் நடந்த விசாரணை போன்றவற்றை மற்ற ஆவணங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். 1728இல் வந்த இரண்டாம் தொகுதியில் இருக்கும் கடற்கொள்ளையர் தலைவர் கேப்டன் மிஸ்ஸனும் மடகாஸ்கரில் அவர் அமைத்த லிபர்டாலியா குடியரசும் கற்பனை என்பதே வரலாற்றாசிரியர்களின் பொதுவான முடிவு. உங்கள் இயல் லிபர்டாலியாவை நம்பி நிற்கிறது என்றால் முதலில் அதைத் திருத்துங்கள், அடிக்குறிப்பைப் பிறகு பார்க்கலாம்.