கைரோபிராக்டிக் படித்தால் டாக்டரா?

கேள்வி: அட்லாண்டா பக்கம் வசிக்கிறோம். இளநிலைப் பட்டம் முடித்த மகள், மரியெட்டாவில் உள்ள லைஃப் யுனிவர்சிட்டியில் கைரோபிராக்டிக் படிக்கப்போவதாகச் சொல்கிறாள். அது டாக்டர் படிப்புதானா? நம்பிச் சேர்க்கலாமா?

பதில்: பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது எம்.டி. எனும் மருத்துவர் பட்டம் இல்லை, டி.சி., அதாவது டாக்டர் ஆஃப் கைரோபிராக்டிக். முதுகு, கழுத்து, மூட்டு வலிகளுக்குக் கையால் அழுத்தியும் அசைத்தும் செய்யும் சிகிச்சை. அறுவை சிகிச்சை கிடையாது. ஜார்ஜியாவில் மருந்து எழுதவும் முடியாது. பட்டம் வாங்கியபின் தேசிய வாரியத் தேர்வுகளில் தேறி, மாநில உரிமம் பெற்றால்தான் தொழில் செய்யலாம்.

உரிமம் கிடைக்க, படித்த இடத்துக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். சிட் வில்லியம்ஸ் 1974-இல் தொடங்கிய லைஃப், 2002-இல் கைரோபிராக்டிக் கல்விக் கவுன்சிலின் அங்கீகாரத்தை இழந்தது. மாணவர்கள் பலர் பாதியில் வேறு கல்லூரிகளுக்கு மாறினார்கள். மறு ஆண்டே நீதிமன்றம் தலையிட, அங்கீகாரம் திரும்பி வந்தது. பழைய கதைதான், அதற்காக இப்போது பயப்பட வேண்டாம். ஆனாலும் எங்கே சேர்ந்தாலும், மாணவர்களில் எத்தனை பேர் வாரியத் தேர்வில் தேறுகிறார்கள் என்று கல்லூரியின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இந்தத் தொழிலுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. முதுகெலும்பைச் சீராக்கினால் உடம்பு தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும் என்பது ஒன்று. லைஃப் அந்தப் பக்கம் சாய்ந்தது. வலிக்கான சிகிச்சை, அவ்வளவுதான் என்பது மற்றது. என் ஓட்டு இரண்டாவதற்கே. கீழ்முதுகு வலிக்கு இதையும் ஒரு வழியாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் ஏற்கிறது. ஆஸ்துமா தீரும் என்பதற்கெல்லாம் நம்பகமான ஆதாரம் இல்லை. அதனால் இந்த இரண்டாவது பக்கம் சாய்ந்த, இல்லினாய்ஸ் மாநிலம் லம்பார்டில் உள்ள நேஷனல் யுனிவர்சிட்டி ஆஃப் ஹெல்த் சயின்சஸ் போன்ற இடங்களையும் மகள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

சரி, பணத்துக்கு வருவோம். நான் அதிகம் யோசிப்பது இதைத்தான். மூன்றரை, நான்கு ஆண்டுப் படிப்புக்குப் பெரும்பாலானவர்கள் கடன்தான் வாங்குகிறார்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறைக் கணக்குப்படி, 2023-இல் கைரோபிராக்டர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் சுமார் 76,500 டாலர். எம்.டி. வருமானத்தை மனதில் வைத்துக் கடன் வாங்கினால் மூச்சு முட்டும். முதியோர் நிறைய வருவார்கள். அவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரோ முதுகெலும்பைக் கையால் சீராக்குவதற்கு மட்டுமே பணம் தரும், கைரோபிராக்டர்கள் எடுக்கும் எக்ஸ்ரேவுக்குக்கூடத் தராது. அதனால் விண்ணப்பம் போடுவதற்குமுன் பக்கத்து கிளினிக் ஒன்றில் மகளை நாலைந்து நாள் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் அந்த டாக்டரிடமே, கடனை அடைக்க எத்தனை வருஷம் ஆனது என்று கேட்கட்டும்.